டிசம்பர் 25-இல் திறக்கும் கதை: விடுமுறைக் கதைப் பரிமாற்றத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தயாராகும் முழுமையான வழிகாட்டி

விடுமுறைக் கதைப் பரிமாற்றத்தில் உங்களுக்கு வரப்போகும் ஃபேன் ஃபிக்‌ஷன் (பிடித்த நூலையோ படத்தையோ வைத்து ரசிகர் எழுதும் கதை) நன்றாக அமையுமா என்பது பெரும்பாலும் அக்டோபரிலேயே முடிவாகிவிடும். எழுதுபவரின் திறமைகூட அதற்கு அடுத்தபடிதான். எதைக் கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள், எதை வேண்டாம் என்றீர்கள் என்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கு டிசம்பர் மாதம் சுகமான காத்திருப்பு. மற்றவர்களுக்கு அது சீட்டுக் குலுக்கல்.

முறை எளிமையானது. சேரும் ஒவ்வொருவரும் ஒரு கதை கேட்கிறார், வேறொருவருக்கு ஒரு கதை எழுதித் தருகிறார். எவற்றை எழுத முன்வருகிறார் என்பதையும் பதிவின்போதே சொல்லிவிடுகிறார். யார் யாருக்கு எழுதுகிறார் என்பது எழுதுபவருக்கும் நடத்துபவருக்கும் மட்டும் தெரியும். எல்லாக் கதைகளும் ஒரே நேரத்தில் திறக்கும். எழுதியவர் பெயர் சில நாள் கழித்துத்தான் வெளியாகும். இந்த வகையில் அதிகம் அறியப்பட்டது யூல்டைட். 2003-இல் தொடங்கிய பரிமாற்றம் இது. ரசிகர் கதைகள் குறைவாகவே உள்ள சிறிய ஃபேண்டம்களுக்கு (ரசிகர் வட்டங்களுக்கு) மட்டும் இடம் தருவது அதன் சிறப்பு. ஒப்படைக்கும் கதை குறைந்தது 1000 சொற்கள் இருக்க வேண்டும். டிசம்பர் 25-இல் கதைகள் திறக்கும், ஜனவரி 1-இல் பெயர்கள் வெளியாகும். நடப்பது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில். ஏஓ3 என்றால்தான் பலருக்கும் புரியும். லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் அந்தத் தளத்தில் விளம்பரம் கிடையாது, கட்டணமும் கிடையாது.

அப்படிப்பட்ட பெரிய பரிமாற்றத்தில் சிங்கப்பூரிலிருந்து சேர்வது எப்படி, தமிழ் நண்பர்களுக்குள் சிறியதாக ஒன்றை நடத்துவது எப்படி என்ற இரண்டையும் கீழே தருகிறோம்.

செப்டம்பர்: கணக்கு, நாமினேஷன், கடிகாரம்

ஏஓ3-இல் நினைத்தவுடன் கணக்குத் தொடங்க முடியாது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து அழைப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும். வரிசை சில சமயம் ஓரிரு நாளில் நகரும், சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். அக்டோபரில் பதிவு என்றால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். அழைப்பு மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போவது வழக்கம், அங்கேயும் பாருங்கள். 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயனர் பெயரில் சொந்தப் பெயரோ பள்ளியின் பெயரோ பிறந்த ஆண்டோ வேண்டாம். பள்ளி மின்னஞ்சலும் வேண்டாம். படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டால் கணக்கும் கையைவிட்டுப் போகும்.

அடுத்தது நாமினேஷன். எந்தெந்த மூலங்களைக் கேட்கலாம் என்ற பட்டியலைப் பங்கேற்பாளர்களே முன்மொழிந்து உருவாக்குவார்கள். உங்கள் நாவலையோ படத்தையோ யாரும் முன்மொழியவில்லை என்றால் பதிவின்போது அது பட்டியலில் இருக்காது, எவ்வளவு ஆசைப்பட்டாலும் கேட்க முடியாது. தமிழ் மூலங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் விழுந்துபோகின்றன. விரும்பாதவர்கள் இல்லை என்பதால் அல்ல, ஒவ்வொருவரும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிடுவதால்.

தமிழ் மூலங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் எழுத்துக்கூட்டல். வந்தியத்தேவன் பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் முன்மொழிந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். ஒரு கூட்டலில் கேட்டவரும் மற்றொரு கூட்டலில் எழுத முன்வந்தவரும் சந்திக்கவே மாட்டார்கள். முன்மொழியும் முன் ஏஓ3 தேடலில் அந்தப் பாத்திரத்துக்கு ஏற்கெனவே டேக் (குறிச்சொல்) இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதையே எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில் கோட்டை விடுபவர்களும் நிறைய. கெடுக்கள் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) என்ற நேரத்தில் அறிவிக்கப்படும். சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. டிசம்பர் 17 இரவு 9 மணி யூடிசி என்று போட்டிருந்தால் நமக்கு அது 18-ஆம் தேதி விடியற்காலை 5 மணி. 17-ஆம் தேதி இரவு உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைப்பவருக்கு இது லாபம். காலை 9 மணி யூடிசி என்றால் அதே நாள் மாலை 5 மணி. அமெரிக்க நேரத்தில் அறிவிக்கும் சிறிய பரிமாற்றங்களில் இன்னொரு பொறி உண்டு. நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒன்றுதான். அவர்களுடையது நவம்பர் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னால் போகும். நியூயார்க்குக்கும் நமக்கும் அக்டோபரில் 12 மணி நேரம் வித்தியாசம், டிசம்பரில் 13. அக்டோபரில் போட்ட கணக்கை டிசம்பரில் அப்படியே நம்பாதீர்கள். அறிவிப்பு வந்ததும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றி, ஒரு நாள் முன்பும் இரண்டு மணி நேரம் முன்பும் ஒலிக்கும்படி கைப்பேசியில் போட்டுவிடுங்கள்.

எதைக் கேட்பது

ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களைக் கேட்கச் சொல்வார்கள். எல்லாமே அபூர்வமானவையாக இருந்தால் உங்களுக்குப் பொருந்தும் எழுத்தாளர் கிடைப்பது கடினம். எல்லாமே பிரபலமானவை என்றால் பரிமாற்றத்தில் சேர்ந்ததன் பயனே போய்விடும். யாரும் எழுதமாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கும் ஒன்று, ஓரளவு வாய்ப்புள்ள ஒன்று, நிச்சயம் பொருந்தும் ஒன்று என்று கலந்து கேளுங்கள். ஆனால் மூன்றில் எது வந்தாலும் மனம் நிறைய வேண்டும். ‘நிச்சயம் பொருந்தும்’ என்பதற்காக உங்களுக்கே ஆர்வமில்லாத ஒன்றைச் சேர்த்தால், கடைசியில் அதுதான் வந்து சேரும்.

மூலம் நூலா படமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த நாவல். அதே பெயரில் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாகப் படம் வந்தது. படம் மட்டும் பார்த்த இளையர்கள் சிங்கப்பூரில் ஏராளம். ஐந்து பாகங்களை மூன்று முறை படித்த அத்தைமார்களும் ஏராளம். சேந்தன் அமுதனுக்கு நாவலில் இருக்கும் கனம் படத்தில் இல்லை. ஒருவர் நாவலை மனத்தில் வைத்துக் கேட்டு மற்றவர் படத்தை வைத்து எழுதினால் இருவருக்கும் ஏமாற்றம்.

சிறிய பாத்திரங்களைக் கேட்க அஞ்ச வேண்டாம். கண்ணகியும் கோவலனும் என்று கேட்டால் எழுதுபவருக்கு மலைப்பு வரும். காப்பியத்தோடு போட்டி போட யாருக்குத் துணிவு வரும்? கண்ணகியின் தோழி தேவந்தி, மாதரியின் மகள் ஐயை, மாதவியின் கடிதத்தைச் சுமந்து சென்ற வசந்தமாலை என்று கேட்டுப் பாருங்கள். இவர்களைப் பற்றி மூலம் கொஞ்சம்தான் சொல்கிறது. மிச்ச இடம் எல்லாம் எழுதுபவருக்கு.

கடிதம்

பதிவுப் படிவத்தில் இடம் குறைவு. அதனால் ‘டியர் ரைட்டர்’ கடிதம் என்று தனியாக ஒன்று எழுதி அதன் இணைப்பைப் படிவத்தில் கொடுப்பது வழக்கம். முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள்.

பொதுவாக வரும் கெட்ட கடிதங்கள் இரண்டு வகை. முதல் வகை: “பூங்குழலியைப் பற்றி எது எழுதினாலும் மகிழ்ச்சி.” பெருந்தன்மையாகத் தெரியும், ஆனால் எழுதுபவர் கையில் ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பிடித்தது அவள் துணிச்சலா, தனிமையா, பாட்டா, படகா என்று அவர் எப்படி ஊகிப்பார்? இரண்டாம் வகை முதல் காட்சியிலிருந்து கடைசி வசனம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிடும் கடிதம். அதற்கு எழுத்தாளர் தேவையில்லை, தட்டச்சு செய்பவர் போதும். அந்தக் கதையை நீங்களே எழுதிவிடலாம்.

நல்ல கடிதத்தில் நான்கு பகுதிகள் இருக்கும். மொத்தம் ஒவ்வொரு மூலத்துக்கும் 150 முதல் 250 சொற்கள் போதும். ஒரு மாதிரி பாருங்கள்:

“பொன்னியின் செல்வன், நாவல் மட்டும். பாத்திரம்: பூங்குழலி. எனக்கு அவளிடம் பிடித்தது, கோடிக்கரையின் சதுப்பு நிலத்தில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக்கூடப் பழகியவர்களாகப் பார்க்கும் மனம். அரண்மனைக்காரர்கள் யாரையும் அவள் அண்ணாந்து பார்ப்பதில்லை.

தோன்றிய யோசனைகள்: (1) இலங்கைக்குப் படகு விட்டுத் திரும்பும் ஒரு சாதாரண இரவு. யாரும் துரத்தவில்லை, எந்தச் செய்தியும் இல்லை. (2) ஊமை ராணியும் அவளும் சைகையில் பேசிக்கொள்ளும் ஒரு பகல். (3) அரசியான பிறகு, தஞ்சையில் கடல் இல்லாத முதல் மழைக்காலம்.

பொதுவாகப் பிடித்தவை: வேலை செய்யும் கைகளைப் பற்றிய நுட்பமான விவரம், பெண்களுக்கு இடையிலான நட்பு, மெல்லிய நகைச்சுவை, முடிவைச் சொல்லாமல் விடும் கதை.

வேண்டாதவை: பாலியல் வன்முறை, சேந்தன் அமுதனைக் கோழையாகக் காட்டுவது, நிகழ்காலச் சிங்கப்பூருக்கு இடம் மாற்றுவது.”

மூன்று யோசனைகளும் மூன்று அளவில் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவதை ஒரே காட்சியில் 1000 சொற்களில் முடிக்கலாம். மூன்றாவது நீண்ட கதைக்குத் தாங்கும். எழுதுபவருக்கு நேரம் குறைவா கூடுதலா என்பது உங்களுக்குத் தெரியாததால் இப்படிக் கொடுப்பதே சரி.

இதில் கட்டாயம் எது, விருப்பம் எது? யூல்டைட் வழக்கப்படி மூலமும் கேட்ட பாத்திரங்களும் கட்டாயம். யோசனைகள் வெறும் யோசனைகள். எழுதுபவர் அவற்றை முழுக்கத் தள்ளிவிட்டு வேறு கதை எழுதினால் குறை சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. ‘வேண்டாதவை’ பட்டியலை, அதாவது டிஎன்டபிள்யூ என்று குறிக்கப்படுவதை, மீறக் கூடாது. அதனால் அந்தப் பட்டியலைச் சுருக்கமாகவும் அளக்கக்கூடியதாகவும் எழுதுங்கள். “சோகம் வேண்டாம்” என்பது அளக்க முடியாதது, எவ்வளவு சோகம்? “முக்கியப் பாத்திரம் இறப்பது வேண்டாம்” என்றால் யாருக்கும் ஐயம் வராது. “மோசமான எழுத்து வேண்டாம்” என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அது எழுத்தாளரின் கையை நடுங்க வைப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாது. காரணம் சொல்லவும் தேவையில்லை. தண்ணீரில் மூழ்குவது வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

கடிதத்தைப் பதிவு முடியும் நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஆள் பொருத்திய பிறகு அதில் புதிய தடைகளைச் சேர்ப்பது முறையல்ல. அவர் அதற்குள் பாதி எழுதியிருக்கலாம்.

நீங்கள் எழுதும் கதை

பெறுவதற்கு முன் கொடுக்க வேண்டும். எழுதும் கலையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. வழுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறோம்.

ஏஓ3-இல் சேமிக்கும் வரைவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும். நவம்பர் தொடக்கத்தில் வரைவாகப் போட்டு, டிசம்பர் நடுவில் வெளியிடலாம் என்று விட்டால் கதை இருக்காது. கணினியிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதி, கெடுவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஏற்றுங்கள். வரைவாக இருக்கும் கதை ஒப்படைத்ததாகக் கணக்கில் வராது, ‘போஸ்ட்’ அழுத்தியாக வேண்டும். பதிவேற்றும் பக்கத்தில் உங்கள் அசைன்மென்ட்டுக்கு (உங்களுக்கு ஒதுக்கிய வேண்டுகோளுக்கு) எதிரே உள்ள கட்டத்தில் குறியிடவும் மறக்க வேண்டாம். குறியிடாவிட்டால் கதை உங்கள் சொந்தப் பக்கத்தில் உங்கள் பெயரோடு பளிச்சென்று வெளியாகிவிடும், இரகசியமும் போய்விடும்.

முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே விலகுங்கள். அபராதமின்றி விலகுவதற்கென்றே தனிக் கெடு இருக்கும். நவம்பர் கடைசியில் விலகினால் நடத்துபவர்கள் ‘பிஞ்ச் ஹிட்’, அதாவது விலகியவருக்குப் பதிலாகக் கதை, எழுத ஒருவரைத் தேடிவிடுவார்கள். கெடு நாளன்று மௌனமாகக் காணாமல் போனால், ஒரு வார அவகாசத்தில் வேறொருவர் முழுக்கதை எழுத வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் தேசிய சேவை முகாம் பயிற்சி, ஆண்டிறுதி அலுவலகக் கணக்கு, ஊருக்குப் போகும் விமானம் எல்லாமே இந்த வாரங்களில்தான் வரும். பதிவு செய்யும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

தமிழ் நண்பர்களுக்குள் ஒன்று நடத்த

பெரிய பரிமாற்றத்தில் கதைகள் மிகப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் கதை வேண்டும் என்றால் நாமே நடத்துவதுதான் நிச்சயமான வழி. 8 முதல் 20 பேர் வரை கையாலேயே பொருத்தலாம். ஆறு பேருக்குக் குறைந்தால் இரண்டாவது பத்தியிலேயே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். முப்பதைத் தாண்டினால் ஏஓ3-இல் ஒரு கலெக்‌ஷன் (கதைத் தொகுப்பு) தொடங்கி, அதிலேயே உள்ள பரிமாற்ற வசதியில் பொருத்திக்கொள்ளுங்கள்.

நாள்கள் இப்படி அமையட்டும். செப்டம்பர் கடைசி இரு வாரங்கள் மூலங்களை முன்மொழிய. அக்டோபர் 1 முதல் 12 வரை பதிவு. 18-க்குள் பொருத்தி அனுப்புதல். நவம்பர் 20 விலகுவதற்குக் கெடு. டிசம்பர் 10 ஒப்படைப்பு. 10 முதல் 22 வரை பிஞ்ச் ஹிட்டும் சரிபார்ப்பும். 25 மாலை 5 மணிக்குத் திறப்பு, ஜனவரி 1 மாலை பெயர்கள். திறப்பு, பெயர் இரண்டுமே பொது விடுமுறை நாள் என்பதால் எல்லாரும் ஒரே சமயத்தில் படிக்க முடியும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எங்காவது விழும். அதற்கு முந்திய வாரத்தில் எந்தக் கெடுவும் வைக்காதீர்கள். முறுக்குச் சுடும் கையால் யாரும் படிவம் நிரப்ப மாட்டார்கள். சாதாரண நிலைத் தேர்வு எழுதும் மாணவர்கள் நவம்பரில்தான் மூச்சு விடுவார்கள். அவர்களுக்கு எழுதும் காலம் மூன்று வாரம்தான் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

படிவத்தில் மூலம், பாத்திரம், வேண்டாதவை என்பவற்றோடு மொழி பற்றியும் கேளுங்கள். இதைக் கேட்காமல் விட்ட பரிமாற்றம் தகராறில்தான் முடியும். எழுத்துத்தமிழா, பேச்சுத்தமிழ் உரையாடலா, ஆங்கிலம் கலந்த சிங்கப்பூர்ப் பேச்சு சரியா, யாழ்ப்பாணத் தமிழ் படிக்கச் சிரமமா, தமிழில் வேகமாகப் படிக்க முடியாதவருக்கு ஒலிப்பதிவும் சேர்த்துத் தரலாமா? உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் தமிழில் கதை கேட்பார்கள், ஆனால் 3000 சொற்களைப் பார்த்தால் பின்வாங்குவார்கள். அவர்களுக்குக் கதையை வாசித்துப் பதிந்த ஒலிக்கோப்பு பெரிய உதவி. எழுதியவரின் குரல் அடையாளம் காட்டிவிடும் என்பதால் வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

வயது வேறுபாட்டையும் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் குழுவில் எல்லாக் கதையும் எல்லாரும் படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். பெரியவர்களுக்கு மட்டுமான கதை வேண்டுமென்றால் தனிக் குழு, தனிப் படிவம். ஒரே குழுவில் இரண்டையும் வைத்து முத்திரை குத்திச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

சொல் எண்ணிக்கை: ஆங்கிலப் பரிமாற்றத்தின் 1000 என்ற அளவைத் தமிழுக்கு அப்படியே எடுத்துவராதீர்கள். ஆங்கிலத்தில் நாலு சொல்லில் சொல்வதைத் தமிழ் ஒட்டுச் சொற்களால் இரண்டில் சொல்லிவிடும். 700 தமிழ்ச் சொற்கள் இருந்தால் முழுக்கதை என்று வைத்துக்கொள்ளலாம். சொற்களைப் பிரித்து எழுதுபவருக்கும் சேர்த்து எழுதுபவருக்கும் எண்ணிக்கை வேறுபடும். அதனால் பத்து இருபது சொல் குறைந்தால் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

பொருத்துவது ஒரு விரிதாளில் ஒரு மணி நேர வேலை. ஒவ்வொருவரும் கேட்டது ஒரு நெடுவரிசை, எழுத முன்வந்தது ஒரு நெடுவரிசை. யாருடைய வேண்டுகோளை எழுத மிகக் குறைவான பேர் இருக்கிறார்களோ அவரிடமிருந்து தொடங்குங்கள். ஒருவரே முன்வந்திருந்தால் உடனே அவரை அங்கே பூட்டிவிடுங்கள். பிறகு அடுத்த கடினமானவர், அதற்கடுத்தவர். எளிதானவர்களை முதலில் முடித்தால் கடைசியில் இருவர் மிஞ்சுவார்கள், அவர்களுக்குள் எதுவும் பொருந்தாது; பிறகு எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும். இருவர் ஒருவருக்கொருவர் எழுதும்படி விடாதீர்கள், ஒருவர் பேச்சுவாக்கில் உளறினால் இரண்டு இரகசியமும் ஒன்றாகப் போகும். கணவன் மனைவி, அக்கா தங்கை, ஒரே வகுப்பு மாணவர்கள் ஆகியோரையும் பிரித்து வையுங்கள். ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் பிஞ்ச் ஹிட் எழுதத் தயாரானவர்களை முன்பே பிடித்து வைப்பது நல்லது.

பெயர் வெளியே கசிவது எங்கே என்று பார்த்தால், கோப்பில்தான். கூகுள் டாக்ஸ் இணைப்பை அனுப்பினால் உரிமையாளர் பெயர் தெரியும். வேர்டு கோப்பிலும் பிடிஎஃபிலும் ‘ஆத்தர்’ என்ற இடத்தில் கணினியில் பதிந்துள்ள உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். கதையை வெறும் உரையாக நடத்துபவருக்கு அனுப்பச் சொல்லி, அவரே ஒரே எழுத்துருவில் புதிய கோப்பாக்கித் தர வேண்டும். யூனிகோடில் இல்லாத பழைய எழுத்துருவில் வந்த கதையைத் திறப்பு நாளன்று கைப்பேசியில் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். டிசம்பர் 10-ஆம் தேதியே எல்லாவற்றையும் ஒரு ஆண்ட்ராய்டிலும் ஒரு ஐஃபோனிலும் திறந்து பாருங்கள்.

பதிப்புரிமை பற்றியும் குழுவில் யாராவது கேட்பார்கள். சிங்கப்பூரில் நூலுக்கு எழுத்தாளர் மறைந்த பிறகு 70 ஆண்டு பதிப்புரிமை. கல்கி 1954-இல் மறைந்தார், அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. சங்க இலக்கியத்துக்கும் காப்பியத்துக்கும் இந்தப் பேச்சே இல்லை. அண்மைக்காலப் படங்களையும் நாவல்களையும் வைத்து எழுதும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்: காசு வாங்காதீர்கள். தொகுத்து அச்சிட்டு விற்பது, நன்கொடை கேட்பது இரண்டும் வேண்டாம்.

காத்திருக்கும் வாரங்கள்

ஒப்படைப்பு முடிந்து திறப்பு வரை உள்ள நாள்கள்தான் சுவையானவை. ஏஓ3 கலெக்‌ஷனில் போய்ப் பார்த்தால் திறக்காத கதைகள் ‘மிஸ்டரி ஒர்க்’ என்று மட்டும் தெரியும்; தலைப்பு இருக்காது, பெயர் இருக்காது. அந்த வரிசை நாளுக்கு நாள் நீள்வதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

பயனுள்ளதாகச் செய்ய வேண்டியது மூலத்தை மறுபடி படிப்பது. கேட்டபோது மனத்தில் இருந்தது பத்தாண்டுக்கு முன் படித்த கதையாக இருக்கலாம். எழுதுபவர் இப்போது வரி வரியாகப் படித்து எழுதிக்கொண்டிருப்பார். நுட்பமான குறிப்பு ஒன்றை அவர் வைத்திருந்தால் அது உங்களுக்குப் பிடிபட வேண்டாமா? தேசிய நூலக வாரியக் கிளைகளில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. இரவல் காலம் 21 நாள். டிசம்பர் 6-ஆம் தேதி எடுத்தால் 25 வரை தாராளமாகக் கையில் இருக்கும். பள்ளி விடுமுறையில் பிரபல நாவல்களின் முதல் பாகம் அலமாரியில் இருக்காது, முன்கூட்டியே ரிசர்வ் செய்யுங்கள்.

நேரம் மிஞ்சினால் ‘ட்ரீட்’ எழுதுங்கள். மற்றவர்களின் கடிதங்களைப் படித்து, உங்களுக்கு ஒதுக்கப்படாவிட்டாலும் மனம் இழுக்கும் ஒன்றுக்குக் கூடுதலாக ஒரு சிறு கதை. யூல்டைட்டில் 1000 சொல்லுக்குக் குறைந்த இத்தகைய கதைகளுக்கு ‘மேட்னஸ்’ என்று தனித் தொகுப்பே உண்டு. 300 சொல் போதும்.

செய்யக் கூடாதவை: யார் எழுதுகிறார் என்று குழுவில் ஊகிப்பது, “என் எழுத்தாளர் தொடங்கிவிட்டாரா” என்று நடத்துபவரை விசாரிப்பது, நீங்கள் எழுதும் மூலத்தைப் பற்றித் திடீரென்று குழுவில் சந்தேகம் கேட்பது. கடைசியானதை எல்லாரும் செய்கிறார்கள், எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஐயம் இருந்தால் குழுவுக்கு வெளியே உள்ளவரையோ நடத்துபவரையோ கேளுங்கள்.

திறப்பு நாள்

பெரிய பரிமாற்றத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள் ஒரே நேரத்தில் திறக்கும். உலகம் முழுவதும் அதே நிமிடத்தில் பொத்தானை அழுத்தும். தளம் மெதுவானால் பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிக்காதீர்கள். மின்னஞ்சல் அறிவிப்பைவிட உங்கள் பயனர் பக்கத்தில் ‘கிஃப்ட்ஸ்’ என்ற இடம் முந்திக்கொள்ளலாம், அங்கே பாருங்கள். கதை திறந்தவுடன் ஈபப் (மின்னூல்) கோப்பாக இறக்கிவிடுங்கள். பிறகு தளம் படுத்தாலும், உறவினர் வீட்டுக்கு எம்ஆர்டியில் போகும்போது சுரங்கத்தில் சிக்னல் போனாலும் கதை கையில் இருக்கும்.

முதலில் உங்கள் கதை. ஒரே மூச்சில் ஒருமுறை, பிறகு மெதுவாக ஒருமுறை. இரண்டாவது வாசிப்பு முடிந்ததும் கமெண்ட். குடோஸ் (பாராட்டு) பொத்தான் மட்டும் போதாது. ஒன்றரை மாதம் உங்களுக்காகவே எழுதியவருக்கு மூன்று வரி எழுதுவது மரியாதை. நல்ல கமெண்ட்டுக்கு இலக்கணம் தேவையில்லை. பிடித்த ஒரு வரியை எடுத்துப் போடுங்கள், அது ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள், கடிதத்தில் கேட்ட எதை அவர் கவனித்திருக்கிறார் என்று குறிப்பிடுங்கள். ஜனவரி 1-க்கு முன் எழுதிவிடுவது முக்கியம். பெயர் தெரிந்த பிறகு எழுதினால், ஆளைப் பார்த்துத்தான் எழுதினார் என்ற எண்ணம் வரும்.

கதை பிடிக்கவில்லையா? நன்றி சொல்லத்தான் வேண்டும். பொய் சொல்லத் தேவையில்லை. பிடித்த ஒரு காட்சி, ஒரு உவமை, ஒரு பெயர் எதுவும் இல்லாமலா போகும்? வேண்டாதவை பட்டியலில் உள்ளது கதையில் இருந்தால் மட்டும் நடத்துபவருக்குத் தனியாக எழுதுங்கள். கமெண்ட்டில் சண்டை வேண்டாம்.

மற்றக் கதைகளை எந்த வரிசையில் படிப்பது? நீங்கள் அறிந்த மூலங்களை முதலில் முடியுங்கள். அடுத்து, மூலம் தெரியாமலே படிக்கலாம் என்று பிறர் பரிந்துரைப்பவை. மிச்சத்தைப் பின்னால் படிக்கக் குறித்து வையுங்கள். ஒரே நாளில் இருபதைப் படித்தால் மறுநாள் எதில் யார் வந்தார் என்று நினைவிருக்காது.

எழுதியவர் தரப்பில் ஒரே எச்சரிக்கை. பெயர் வெளியாகும் முன் ஏஓ3-இல் உங்கள் கதைக்கு வரும் கமெண்ட்டுக்குப் பதில் சொன்னால் ‘அனானிமஸ் கிரியேட்டர்’ என்றுதான் தெரியும், பயமில்லை. வாட்ஸ்அப் குழுவில் அந்த வசதி இல்லை. அங்கே உங்கள் கதையை யாராவது புகழ்ந்தால் மற்றவர்களோடு சேர்ந்து அளவாகத் தலையாட்டுங்கள். வழக்கமாக வளவளவென்று பேசுபவர் ஒரே ஒரு கதைக்கு மட்டும் மௌனம் காத்தால், அதைவிடப் பெரிய துப்பு வேண்டியதில்லை.

ஜனவரி

பெயர்கள் வந்ததும் உங்களுக்கு எழுதியவரின் மற்றக் கதைகளைப் போய்ப் பாருங்கள், ஏஓ3-இல் ‘சப்ஸ்க்ரைப்’ செய்தால் அவர் புதிதாக எழுதும்போது மின்னஞ்சல் வரும். தேங்கிய கமெண்ட்டுகளுக்குப் பதில் எழுதுங்கள். கதையில் கண்ணில் பட்ட எழுத்துப்பிழையை இப்போது தனிச்செய்தியில் சொல்லலாம், அதுவும் அவர் கேட்டால். நடத்தியவர் விரிதாளையும் தொலைபேசி எண்கள் உள்ள படிவத்தையும் அழித்துவிட வேண்டும்; யார் விலகினார், எத்தனை பிஞ்ச் ஹிட் தேவைப்பட்டது, எந்த மூலத்தைக் கேட்டும் எழுத ஆளில்லை என்பதை மட்டும் பெயரின்றிக் குறித்துவைத்தால் அடுத்த செப்டம்பரில் உதவும். உங்கள் கடிதத்தை மட்டும் அழிக்க வேண்டாம். நிறைவேறாத வேண்டுகோள்களைத் தேடிப் பிடித்து ஜனவரிக்குப் பிறகு எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள், கடிதத்தின் இணைப்பு வேலை செய்தால்தான் அவர்களால் எழுத முடியும்.